மிதவை போட்ட இடம்

துறைமுகப் பொறியாளர் கஸ்பார் லேசில் யாரையும் நம்பமாட்டார். சர்க்கரை போட்டாச்சு என்று சொல்லித் தந்த டீயைக்கூட ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தான் குடிப்பார். ஐம்பது வயதில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர், தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை மங்கையர்க்கரசியை மட்டும் நம்பிவிடுவாரா?

சொந்த ஊர் மீன்பிடித் துறைமுகத்துக்கு அவர் அலைத்தடுப்புச் சுவர் வடிவமைக்க வேண்டும். அலை உயரத்தைக் கணக்கிட இரண்டு சமன்பாடுகள் இருந்தன. எளிய சமன்பாடு, சுவர் தாழ்வாக இருந்தால் போதும் என்றது. பெரிய சமன்பாடு, இன்னும் உயர்த்து என்றது. வரைபடத்தில் விழப்போகும் கையெழுத்து கஸ்பாருடையது. சுவருக்குப் பின்னால் நிற்கப்போவது அவர் தம்பியின் படகு.

"ஆழ்கடல்ல எண்ணெய் மேடை வடிவமைச்ச உங்க இன்னொரு மாணவனுக்கு எளியதே போதும்னீங்க. எனக்கு மட்டும் ஏன் மேடம் பெரியது? ஆளுக்கொரு நியாயமா?"

"எளியதை ஏன் நம்புறீங்க, சார்?"

"மிதவைக் கருவி அளந்த அலையோட அப்படியே ஒத்துப்போகுதே."

"மிதவையை எங்கே போட்டீங்க?"

"வெளியே, ஆழத்துல. கரைப்பக்கம் போட்டா வலையில மாட்டி அறுந்துடும். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

மங்கையர்க்கரசி எழுந்தார். ஆய்வகத்தில் செயற்கை அலை எழுப்பும் தொட்டிக்கு அவரை அழைத்துப் போனார். ஆழமான முனையில் அளவுக்கம்பியை நட்டு, அலையை ஓடவிட்டார். திரையில் எளிய சமன்பாட்டின் கோடு, அளந்த கோட்டின் மேலேயே படிந்தது. கஸ்பாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அடுத்து கம்பியைப் பிடுங்கி, தொட்டியின் தரை மேடேறும் இடத்தில் நட்டார். அதே அலைதான். மேட்டில் ஏறியதும் நிமிர்ந்து, எளிய கோட்டைத் தாண்டி எழுந்தது. பெரிய சமன்பாட்டின் கோடு மட்டும் கூடவே ஏறியது.

ஊரில் சுவர் நிற்கப்போவதும் இப்படியொரு மேட்டில்தான். கஸ்பார் தம்பியின் படகை நினைத்துக்கொண்டார்.

"அப்ப எளியது பொய்யா, மேடம்?"

"நீங்க மிதவை போட்ட இடத்துல அது சரியாத்தான் சொல்லுச்சு."

கஸ்பார் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "பெரியதை வெச்சே கையெழுத்துப் போட்டுடறேன். அதை நம்பலாம்ல?"

மங்கையர்க்கரசி பேனா மூடியை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"என்னைச் சந்தேகப்பட்ட மாதிரியே அதையும் சந்தேகப்படுங்க, சார். அது எங்கே தப்பாகும்னு தெரிஞ்ச பிறகு போடுங்க."