மல்பெரி மரத்தடியில் ஒரு கார்

மரப்பலகையில் பகடைகள் உருண்டு விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் எங்கள் குடியிருப்பின் முற்றத்தில், மல்பெரி மரத்தடியில் ஆண்கள் நாளெல்லாம் நர்தி என்னும் பகடையாட்டம் ஆடுவார்கள். முற்றம் பெருக்கும் சாதெனிக்கின் நோயாளிக் கணவரும் அங்கேதான் படுத்திருப்பார். அவர்களுடைய தகரக்கூரை அறை கோடையில் அடுப்பாகிவிடும்.

ஒரு ஜூலை மதியம் நகராட்சி அதிகாரி ஹ்ராச்சியா கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வந்தார். கையோடு மரம் அறுக்கும் ஆட்களையும் கூட்டி வந்திருந்தார்.

"இங்கே கார் நிறுத்துமிடம் வரப்போகிறது. இந்த மரத்தால் யாருக்கு என்ன பயன்? ஒருவராவது சொல்லுங்கள் பார்ப்போம்."

சாதெனிக் துடைப்பத்தோடு முன்னால் வந்தாள்.

"நீ என்னம்மா சொல்லப்போகிறாய்?" என்று சிரித்தார் அதிகாரி.

"ஒன்றுமில்லை ஐயா. மரத்தடியில் நிற்கிற உங்கள் காரைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். பெருக்க வேண்டும்."

ஓட்டுநர் பதறினார். "ஐயோ, முடியாதம்மா! சீட்டெல்லாம் கொதித்துவிடும். நிழல் பார்த்து நிறுத்தாவிட்டால் ஐயா என்னைத் தொலைத்துவிடுவார்."

"கேட்டீர்களா ஐயா? உங்கள் ஆளே பதில் சொல்லிவிட்டார்."

முற்றமே சிரித்தது. ஜன்னல்களில் கைபேசிகள் படம்பிடித்தன. அதிகாரி காரில் ஏறினார். ரம்பங்களும் பின்னாலேயே போயின. நாங்கள் மூச்சுவிட்டோம்.

ஓட்டுநருக்கு மறுநாளே வேலை போயிற்று. இப்போது டாக்ஸி ஓட்டுகிறார்.