குளுகுளு நகரில் வீடு காலி

ஆலம்பட்டணத்தில் சுருளி என்று ஒரு வெள்ளெலியும், மாராயி என்று அதன் மனைவியும் குடியிருந்தன.

காட்டின் நடுவே ஒரு பெரிய மேடு. மேட்டின் மேல் ஒரு கிழட்டு ஆலமரம். அதன் வேருக்கு அடியில் இருந்ததுதான் ஆலம்பட்டணம். எலி, சுண்டெலி, அணில், ஓணான் என்று காட்டிலே பிழைக்க வந்தவையெல்லாம் அங்கேதான் அடைந்து கிடந்தன. பொந்துக்குள் பொந்து, அதற்குள்ளும் ஒரு பொந்து. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் திட்டு விழும். இருந்தாலும் யாரும் கிளம்புவதில்லை. வயல் பக்கத்தில் இருந்ததே, அதனால்தான்.

இத்தனை பொந்துக்கும் சொந்தக்காரர் ஒரு பெருச்சாளி. எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் வாசலில் உட்கார்ந்துகொள்வார். வயலிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் பாதியை அங்கேயே எடுத்துக்கொள்வார். அதுதான் வாடகை.

சுருளியும் மாராயியும் இருந்த பொந்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பிப் படுக்க முடியாது. ஒருவர் சொறிந்தால் இன்னொருவருக்குத் தூக்கம் போய்விடும். எப்படியோ சமாளித்து வந்தார்கள். ஆனால் மாராயி வயிற்றில் பிள்ளைகள் உண்டாயின. ஐப்பசியில் பிரசவம்.

முதலாளி மாராயியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்.

"குட்டி போட்டா தலைக்குத் தலை வாடகை கூடும். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் அழக்கூடாது!"

அன்று முதல் சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் வீடு கேட்டது. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நாரை வந்து சேர்ந்தது.

நாரை ஒல்லி. ஆனால் நல்ல உயரம். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றால் பெரிய மனுஷன் மாதிரி இருக்கும். சட்டென்று யாருக்கும் அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

"வீடா தேடுற தம்பி? இந்தப் புழுக்கத்துல எதுக்குக் கிடந்து சாகுற? மேட்டுக்குக் கீழே குளுகுளு நகர்னு புதுசா ஒரு இடம். கேள்விப்பட்டதில்ல?"

"இல்லியே அண்ணே! தூரமோ?"

"தூரமா? கூப்பிடு தூரம். நாலு எட்டு வச்சா வயல்!"

நாரையின் காலுக்கு அது நாலு எட்டுதான். எலியின் காலுக்கு எத்தனை என்று சுருளி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உடனே கிளம்பிவிட்டது.

போய்ப் பார்த்தால், அடேயப்பா! கண்ணுக்கெட்டின வரை சமதரை. நடுநடுவே சில கருவேல மரங்கள். கல் இல்லை, முள் இல்லை. மண்ணைத் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. தரை முழுக்க அகலமான வெடிப்புகள் ஓடின. அதைப் பார்த்ததும் சுருளிக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே! வாசல்கூட ஏற்கெனவே வெட்டி வச்சிருக்கே!"

"பின்னே? எல்லா வசதியும் பண்ணித்தான் வச்சிருக்கு" என்றது நாரை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது ஏரி. தண்ணீர் வற்றிப்போன ஏரி. இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. எலிகளுக்கு ஆயுசு கம்மி. கடைசியாக அந்த ஏரி நிரம்பியதைப் பார்த்த எலி ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை. நாரைக்கு ஆயுசு அதிகம். அதற்கு எல்லாம் தெரியும்.

"வாடகை எவ்வளவு அண்ணே?"

"வாடகையே கிடையாது! தோண்டுறவனுக்குச் சொந்தம்."

"உங்க தரகு?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? மழை வரட்டும். வீடு வீடா வந்து நானே வாங்கிக்குறேன்."

இப்படி ஒரு உத்தமனை எங்கே பார்க்க முடியும்! சுருளி வீடு வந்து சேர்ந்ததும் மாராயியை உலுக்கி எடுத்துவிட்டது.

"புள்ள, விடிவு காலம் வந்துருச்சு! எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? நீ ஒரு மூலையில படு, நான் ஒரு மூலையில படுக்குறேன். நடுவுல பிள்ளைங்க உருண்டு விளையாடலாம்!"

"அவ்வளவு நல்ல இடத்துக்கு ஏன் யாரும் போகல?" என்றாள் மாராயி.

"வந்துட்டியா! எதைச் சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி! நாலு பேர் போறதுக்குள்ள நாம போனாத்தான் நல்ல இடமா கிடைக்கும்."

"சரி, நானும் ஒருதரம் பார்க்குறேன். வயித்துல இருக்கிறது என் பிள்ளைங்களும்தானே?"

மறுநாள் இருவரும் போனார்கள். கர்ப்பிணியின் நடை, மெதுவாகத்தான் போக முடிந்தது. கூப்பிடு தூரத்தைக் கடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் இடத்தைப் பார்த்ததும் அவள் மனமும் கொஞ்சம் ஆடித்தான் போனது. காற்று வந்தது. காலை நீட்டி உட்கார முடிந்தது. எத்தனை நாள் ஆயிற்று காலை நீட்டி!

"அக்கம்பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"நிறையப் பேர் இருக்காங்க தாயி" என்றது நாரை. "இதோ இது நண்டு வீடு. அது நத்தை வீடு. அந்தப் பக்கம் பூரா தவளைக் குடும்பங்க. எல்லாம் தங்கமான ஆளுங்க. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது."

உண்மைதான். ஒரு சத்தமும் இல்லை. நண்டு வீட்டு வாசல் களிமண் வைத்து அடைத்திருந்தது. நத்தை தன் ஓட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. தவளைகள் மண்ணுக்கடியில் எங்கேயோ.

"எல்லாரும் என்ன பண்றாங்க?"

"தூங்குறாங்க."

"பட்டப்பகல்லயா?"

"வசதியான இடம் தாயி. தூக்கம் நல்லா வரும்!"

சுருளி பெருமையாகத் தலையாட்டியது. மாராயி நண்டு வீட்டு வாசல் பக்கம் போனாள். நாரை சட்டென்று குறுக்கே காலை வைத்தது.

"தூங்குறவங்களை எழுப்பறது நாகரிகம் இல்ல தாயி."

மாராயி நின்றாள். அதுவரை அந்த நாரையின் கண் முழுதாகத் திறந்து அவள் பார்த்ததில்லை. இப்போது திறந்திருந்தது.

"அதுவும் சரிதான்" என்றாள். "ஏங்க, நீங்க அண்ணனோட போயி அந்தக் கீழ்க்கோடியையும் பார்த்துட்டு வாங்களேன். எனக்குக் கால் வலிக்குது. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதும், மாராயி நண்டு வீட்டுக் களிமண் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தாள். பிறாண்டினாள், பிறாண்டினாள், நகம் தேயப் பிறாண்டினாள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கொடுக்கு மட்டும் எட்டிப்பார்த்தது.

"யாரடி அவ? மழை வந்துருச்சா?"

"இல்லக்கா. நான் பக்கத்துல குடிவரப் போறேன். சும்மா ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போகலாம்னு..."

"மழை வராம எதுக்குடி எழுப்பினே? கட்டையில போறவளே!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு. இங்க மழை பெஞ்சா நீங்கள்லாம் எங்க போவீங்க?"

நண்டு வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தது.

"எங்க போறதா? நல்லா கேட்டே போ! மழை பெஞ்சு தண்ணி வந்தாத்தானே எங்களுக்கு வீடே! அதுக்குத்தானே மூச்சை அடக்கிட்டு மண்ணுக்குள்ள கிடக்கோம்!"

"தண்ணின்னா... எவ்வளவு?"

"அதோ தெரியுதே கருவேல மரம், அதுல பாதி உசரம். நாரை ஏன் அந்த மரத்து உச்சியில கூடு கட்டியிருக்குன்னு நினைச்சே? காத்து வாங்கவா?"

மாராயி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ! அக்கா, தண்ணி ஏறாத இடம் இந்தப் பக்கம் எதுவுமே இல்லியா?"

"வடக்கே கள்ளிமேடு இருக்கு. அது முழுகி நான் பார்த்ததே இல்ல. ஆனா கல்லும் முள்ளுமா கிடக்கும். ஒருத்தரும் போகமாட்டாங்க. சரி, நீ போ. அடுத்த தரம் மழையோட வா!"

நண்டு மறுபடியும் கதவை அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மாராயி எல்லாவற்றையும் சொன்னாள். சுருளி நம்பவில்லை.

"தூக்கக் கலக்கத்துல நண்டு ஏதோ உளறியிருக்கும். அதை நம்பி வர்ற சீதேவியை எட்டி உதைக்கச் சொல்றியா? நாரை அண்ணன் பொய் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகுது? தரகுகூட வாங்கலையே!"

"மழை வந்தா வாங்கிக்குறேன்னாரே. வீடு வீடா வந்து. நம்மகிட்ட என்னங்க இருக்கு, அவர் வாங்கிக்க?"

பொந்தில் தண்ணீர் ஏறி வெளியே வரும் எலியை நாரை தின்னும் என்பதைச் சுருளி அதுவரை யோசிக்கவே இல்லை. இருந்தாலும் ஆசை விடவில்லை.

"இந்த வருஷமும் மழை வராமப் போனா?"

மாராயி சத்தம் போடவில்லை. "வந்தா? ஐப்பசியில பிள்ளைங்களுக்குக் கண்ணுகூடத் திறந்திருக்காது. தண்ணி உள்ள வருது. ஒரு வாய்க்கு ஒரு பிள்ளையைத்தான் தூக்க முடியும். முதல்ல எதைத் தூக்குவீங்க? எதை விட்டுட்டு வருவீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நான் வரேன்."

விடிந்ததும் சுருளி எழுந்து, தனியாகக் கள்ளிமேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மூக்கிலே முள் குத்தியிருந்தது.

"நல்ல இடம்னு சொல்ல மாட்டேன்" என்றது. "தோண்டினா பல்லு கூசுது. வயலுக்கு இங்கேயிருந்து போறதைவிட இரட்டை நடை."

"நடக்கலாங்க" என்றாள் மாராயி.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது சுருளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குளுகுளு நகரில் மண் மாவு மாதிரி இருப்பதையும், வாடகை இல்லாததையும், ஊர் அளவு இடம் கிடப்பதையும் அளந்துவிட்டது. பெருச்சாளியின் மீசை துடித்தது.

"ஊர் அளவு இடம் சும்மா கிடக்குதா?"

மாராயி அவசரமாகக் குறுக்கிட்டாள். "முதலாளி, அங்க போயிராதீங்க! அது ஏரி. மழை வந்தா முழுகிரும். நண்டக்கா சொன்னாங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்கிட்டயேவா? நல்ல இடத்தைப் பூரா நீங்களே வளைச்சுப் போடணும். நான் வந்தா போட்டி. அதானே! நண்டு சொல்லிச்சாம், நண்டு!"

அவ்வளவுதான். அவர் அன்றைக்கே குளுகுளு நகருக்குப் போய் நட்டநடுவில் ஒரு மாளிகை தோண்டினார். சுற்றிலும் வாடகைக்கு விட வரிசையாகப் பொந்துகள் தோண்டினார். பட்டணத்தில் தான் இருந்த பெரிய பொந்து சும்மா கிடப்பானேன் என்று, அதையும் ஒரு முள்ளெலிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். நாரை தினமும் வந்து வேலையைப் பார்த்து, "பேஷ், பேஷ்!" என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த வருஷம் மழை வந்தது. இரண்டு வருஷக் கடனையும் சேர்த்துப் பெய்தது. மேட்டிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் இறங்கி, காலையில் ஈரமாக இருந்த இடம் சாயங்காலம் ஏரியாகிவிட்டது. தவளைகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்து காது கிழியக் கத்தின. நத்தைகள் கதவைத் திறந்தன. நண்டு கொடுக்கை உயர்த்திக்கொண்டு கும்மாளம் போட்டது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது என்ற அக்கம்பக்கத்தில் அன்று இருந்த சத்தம் கள்ளிமேடு வரை கேட்டது.

நாரை மரத்திலிருந்து இறங்கி, தரகு வாங்க வீடு வீடாகப் போனது. எல்லாம் இன்னும் ஆள் வராத காலி வீடு. ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தார்.

பெருச்சாளி நல்ல கனம். நாரையின் அலகுக்குள் அடங்கவில்லை. வாலில் பாதி போனது. மீதி உடம்போடு நீந்திக் கரையேறி, தட்டுத் தடுமாறி ஆலம்பட்டணம் போய்ச் சேர்ந்தார். தன் பொந்தின் வாசலில் நின்று, "நான்தான் முதலாளி! காலி பண்ணுங்க!" என்று கத்தினார். உள்ளே இருந்த முள்ளெலிகள் வாடகை கொடுத்தவை. ஏன் காலி பண்ண வேண்டும்? ஒன்றும் பேசாமல் உருண்டு சுருண்டுகொண்டன. வாசல் முழுக்க முள். யார் கையை வைப்பது?

கடைசியில், நனைந்து நடுங்கிக்கொண்டு, கள்ளிமேட்டில் சுருளி வீட்டு வாசலில் வந்து நின்றார் முதலாளி. உள்ளே காய்ந்த புல் மெத்தையில் கண் திறக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. பட்டணத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அகலமான பொந்து. அவ்வளவுதான். ஆனால் மாராயி காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"பக்கத்துல ஒரு பொந்து கிடைக்குமா, தாயி?" என்றார். பழக்க தோஷம், அடுத்ததாக, "வாடகை என்ன?" என்று கேட்டார்.

சுருளி தன் மூக்கைத் தடவிக்கொண்டது. முள் குத்தின இடம் இன்னும் ஆறவில்லை.

"வாடகை கிடக்கட்டும் முதலாளி" என்றது. "இங்க தண்ணி ஏறுமா, பாம்பு வருமா, நடை எவ்வளவு, அதெல்லாம் முதல்ல அக்கம்பக்கத்துல கேளுங்க. தூங்கிட்டிருந்தாலும் பரவாயில்ல, எழுப்பிக் கேளுங்க!"

வீடு மாறப் போகிறவர் வாடகையை மட்டும் விசாரித்தால் போதாது. இடத்தைக் காட்டுகிறவரை விட்டுவிட்டு, அங்கே காலங்காலமாக இருக்கிறவரைத் தட்டி எழுப்பிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.