மூன்றாவது வளைவு

ஜெசிந்தா டீச்சரிடம் பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நாச்சிமுத்து முதல் நாள் வந்து நின்றபோது அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தயிர்சாத டப்பா.

டீச்சருக்கு முப்பத்து நாலு. பத்து வருடம் பந்தயம் ஓட்டிவிட்டு, இடது மணிக்கட்டு இரண்டாவது முறை உடைந்ததும் நிறுத்திக்கொண்டவர். கோவைக்குத் தெற்கே, பருத்தி விளைந்து பிறகு தரிசாகிப்போன காட்டில் ஒரு தடம் இருக்கிறது. ஒன்பது வளைவு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே வகுப்பு.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். வண்டி கிளம்பிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. "வாயும் ஸ்டியரிங்கும் ஒரே நேரத்துல திரும்பாதுங்க" என்பார். கேட்டதற்குப் பதில் வரும்தான். ஆனால் அது வாய் வழியாக வந்து யாரும் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருடம் வாகனக் கடன் பிரிவைப் பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் கார் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனவர். ஓய்வு பெற்றதும் ஒரு கார் வாங்குவது என்று முடிவு செய்தார். அதுவும் சாதாரணக் கார் இல்லை. பார்க்கச் சின்ன ஹேட்ச்பேக்தான். உள்ளே டர்போ இன்ஜின், மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும். நீந்தக் கற்றுக்கொண்டுதான் குளத்தில் இறங்குகிற ரகம் அவர். அதனால் காருக்கு முன்னால் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

நன்றாகவே ஓட்டினார். ஒரே ஒரு குறை. வளைவுக்குள் நுழைந்த பிறகு, பாதி திரும்பிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கை லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். பிள்ளைகள் அதற்கு 'சொசைட்டி பிரேக்' என்று பேர் வைத்திருந்தார்கள். கடனுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும், "எதுக்கும் இன்னொரு ஜாமீன் வாங்கி வெச்சுக்குங்க" என்று முப்பது வருடம் சொன்ன வாய் அது. வாய்க்குப் பழகியது காலுக்கும் வந்துவிட்டது போலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு நோட்டுடன் வந்தார். இரண்டு ராத்திரி தூங்காத முகம்.

"டீச்சருங்க, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"நான் பார்த்து வெச்ச காருங்க. நம்ம ஊருக்கு மூணே மூணுதான் வந்துது. ரெண்டு போயிருச்சு. இருக்கற ஒண்ணுக்கு, எழுதின விலைக்கு மேல ஒண்ணு எண்பது கேக்கறாங்க."

"ஒரு லட்சத்து எண்பதாயிரமா?"

"ஆமாங்க. கோட்டிங்கு, சீட் கவரு, ஹேண்ட்லிங் சார்ஜுன்னு பில்லுல பிரிச்சுப் போடுவாங்க. எல்லாம் ஒரே மாவுதான். குடுக்க மாட்டேன்னா, எழுதின விலைக்கே பதிஞ்சுக்கறோம், ஆனா வண்டி வர்றதுக்குப் பதினோரு மாசம் ஆகுங்கறாங்க."

"வேற எங்கயும் இல்லீங்களா?"

நாச்சிமுத்து நோட்டைப் பிரித்தார். எத்தனை தடவை பிரித்தாரோ, அந்தப் பக்கம் தானாகவே விரிந்தது.

"சேலத்துல கேட்டேன். அங்க அஞ்சு மாசம், ஆனா அறுபதாயிரத்துக்கு அவங்க சொல்ற சாமானை மாட்டியே ஆகோணுமாம். திருப்பூர்ல ஒரு மில்லுக்காரர் பையன் வெச்சிருக்கறது இருக்குதுங்க, ரெண்டு வருசம் ஓடினது. விலை நல்ல விலை. ஆனா அந்தப் பையன் ஓட்டற ஓட்டத்தை நான் பார்த்திருக்கறேன். அப்புறம், இதே காருல சாதா இன்ஜின் இருக்குது. நாளைக்கே தர்றாங்க, தள்ளுபடியும் உண்டு. ஆனா..."

"ஆனா?"

"அது வேற காருங்க. மூஞ்சி மட்டும்தான் அதே மூஞ்சி."

டீச்சர் சிரிக்கவில்லை. "எப்ப சொல்லணும்?"

"இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள. இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காராம்." நோட்டை மூடினார். "இது என்ற ரிடையர்மெண்டு பணமுங்க. மறுபடி ஒரு கார் வாங்கறதுக்கு எனக்கு வழியும் இல்ல, வயசும் இல்ல. குடுத்தா, முப்பது வருசம் அடுத்தவனுக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னவன் கடைசியில ஏமாந்தான்னு ஆயிரும். குடுக்காம உட்டா, அதுவும் ஏமாந்ததுதான். என்ற சம்சாரம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. வாங்குங்க, வாங்காமப் போங்க, அப்புறம் மூணு வருசம் என்ற காதுல புலம்பாதீங்கன்னு."

"கேள்வி என்னங்க சார்?"

"குடுக்கறதா, வேண்டாமா?"

டீச்சர் பழைய பயிற்சிக் காரின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெயின்ட் உரிந்து, ஏசி செத்து, ரொம்ப நாளாயிற்று அந்த வண்டிக்கு.

"ஏறுங்க" என்றார். "மூணாவது வளைவுல சொல்றேன்."

நாச்சிமுத்து ஏறினார். முதல் வளைவு சுமார். இரண்டாவது தேவலை. மூன்றாவதுதான் அந்தத் தடத்தின் நீளமான வளைவு. அதற்கு முன்னால் நேர்ப்பாதை. அதில் யாருக்கும் கொஞ்சம் வேகம் வந்துவிடும். அவருக்கும் வந்தது. பதில் இங்கேதான் என்று சொல்லியிருக்கிறாரே என்று ஒரு காதை இடது பக்கம் வைத்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

வண்டி வளைவுக்குள் நுழைந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அவருக்கு வேகம் அதிகமோ என்று தோன்றியது. கால் தட்டியது.

வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டது. வானம், வேலி, வேப்பமரம், மறுபடி வேலி என்று ஒரு சுற்று. சரளையில் போய்ப் பின்னோக்கி நின்றது. புழுதி மெதுவாக வந்து கண்ணாடியில் படிந்தது.

தயிர்சாத டப்பா பின்சீட்டுக்கு அடியில் எங்கேயோ உருண்டது. டீச்சர் இன்ஜினை அணைத்தார்.

"எங்க பிரேக் போட்டீங்க சார்?"

"நடுவுல."

"ஏன்?"

"வேகம் ஜாஸ்தின்னு பட்டுதுங்க."

"ஜாஸ்தியா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷன். "இல்லீங்க. போன வாரம் நீங்க இதைவிட வேகமா ஓட்டிக் காமிச்சீங்க."

"அப்படியே போயிருந்தா?"

"போயிருக்கும்."

"முன்னாடியே, நேர்ப்பாதையில வரும்போதே நல்லாக் குறைச்சுட்டு வந்திருந்தா?"

"அப்பவும் போயிருக்குமுங்க."

டீச்சர் கைக்குட்டையால் முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தார். மைனா ஒன்று வந்து சரளையில் இறங்கி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனது.

நாச்சிமுத்து மைனா போன பக்கம் பார்த்தார். அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசுங்க. பொள்ளாச்சியில ஒரு டாக்டர் மோட்டார் பைக் வெச்சிருந்தார். துடைச்சுத் துடைச்சு வெச்ச வண்டி. விலை பேசி, கைகுடுத்து, பணத்தோட போனேன். வேற ஆள் வந்துட்டாங்க, ஆயிரம் ரூபா மேல குடுத்தா உனக்குன்னார். உட்டுட்டு வந்துட்டனுங்க."

"ஆயிரம் ரூபாய் அப்ப பெரிசா?"

"ஒரு மாசச் சம்பளம். அந்த மாசம்தான் அம்மாவுக்கு ஆபரேசன். குடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்கு இல்ல."

"அப்ப விட்டது சரிதானே?"

"சரிதானுங்க." குரல் இறங்கிவிட்டது. "ஆனா முப்பத்து மூணு வருசமா அந்த பைக் எனக்கு முன்னால போயிட்டே இருக்குது. பொள்ளாச்சி ரோட்டுல எப்பப் போனாலும் பார்க்கறேன். சொன்னாச் சிரிப்பீங்க. போன வாரம்கூட என்ற சம்சாரத்துகிட்ட சொன்னேன், அன்னைக்கு அந்த ஆயிரத்தைக் குடுத்திருக்கலாம்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சோத்தைத் தின்னுங்கன்னா."

இப்போது டீச்சர் சிரித்தார். பிறகு சாவியைக் காட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

நாச்சிமுத்து வண்டியைத் தடத்தில் ஏற்றினார். மீதி ஆறு வளைவும் ஏனோதானோ என்று கடந்தன. மறுபடி முதல் வளைவு, இரண்டாவது, அப்புறம் அந்த நேர்ப்பாதை.

அவருக்கு உள்ளே கலவரமாகத்தான் இருந்தது. இந்தத் தடவையும் சுற்றினால் இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று நினைத்தார். வேகமாகவும் போகலாம், மெதுவாகவும் போகலாம். இரண்டுக்கும் தடம் இடம் கொடுக்கும். ஆனால் எது என்பதை, வளைவு தொடங்குகிற அதோ அந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

கோட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது அழுத்திப் பிரேக் போட்டார். தேவைக்குக் கொஞ்சம் அதிகம்தான். காலேஜ் பிள்ளை எவனாவது பார்த்திருந்தால் மாட்டுவண்டி என்று சொல்லியிருப்பான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். திருப்பினார். வலது கால் ஆக்ஸிலரேட்டரின் மேல், தூங்குகிற குழந்தையின் மேல் வைத்த கை மாதிரி, அசையாமல் இருந்தது.

பாதியில், வழக்கமான இடத்தில், வழக்கமான சந்தேகம் வந்தது. இப்போது வேகம் போதவில்லையோ என்று. கால் அசையவில்லை.

வண்டி வளைவைக் கடந்து நேராகிப் போனது. சத்தமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று துடைத்துக்கொண்டார்.

கொட்டகைக்கு முன் வண்டியை நிறுத்தி இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். மூன்றாவது வளைவில் சொல்வதாகச் சொன்ன பதிலை டீச்சர் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. நோட்டு வண்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுக்காமல் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

"தினகர் தம்பி, நாச்சிமுத்து பேசறனுங்க. எழுதின விலைக்கே பதிஞ்சுக்குங்க. மேல குடுக்கலை. பதினோரு மாசம் ஆனாலும் இருந்துக்கறேன்."

ஷோரூம் பையன் குரலைத் தாழ்த்தினான். "சார், யோசிச்சுக்கங்க. அந்த இன்னொரு பார்ட்டி கிளம்பி வந்துட்டிருக்கார்."

"அவருக்கே குடுத்துருங்க தம்பி. நல்லா ஓட்டட்டும்."

சொல்லிவிட்டு நாச்சிமுத்து நிமிர்ந்து நின்றார். மனசு கழுவி விட்ட மாதிரி இருந்தது. அவர் அப்படிச் சொன்னதை அவர் மனைவி ருக்மணி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

"சார், லைன்லயே இருங்க, ஒரு நிமிஷம்" என்றான் தினகர். ஏதோ பாட்டு ஒலித்தது. பாதிப் பாட்டில் திரும்பி வந்தான். குரலில் தேன் கலந்திருந்தது.

"சார், மேனேஜர்கிட்ட உங்களுக்காகச் சண்டையே போட்டுட்டேன். மேல எழுபதாயிரம் குடுத்தாப் போதுங்கறார். சாயங்காலமே வண்டிய எடுத்துக்கலாம். ஆனா இப்பவே சொல்லிடணும் சார்."

நாச்சிமுத்து உள்ளங்கையால் போனைப் பொத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே வேறு என்னவோ வந்தது.

"எழுபதாமுங்க டீச்சர். ஒண்ணு எண்பதுல இருந்து ஒரே மூச்சுல எழுபது. அப்ப அந்த இன்னொரு பார்ட்டி எங்க போனான்? இன்னும் கொஞ்சம் இழுத்தா அம்பதுக்குக்கூட வருவான். எழுபதைப் பதினோரு மாசத்துக்கு வகுத்தா, மாசம் ஆறாயிரத்துச் சொச்சம் வருது. சேலத்துக்காரனே அறுபது கேக்கறான். ஆனா நான் இப்பத்தான் வேண்டாம்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். இல்ல, சொன்னதாலதான் குறைச்சான். என்னங்க டீச்சர் பண்றது?"

டீச்சர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"சார்," என்றார், "இப்ப உங்க கால் என்ன பண்ணிட்டிருக்குது?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். வலது காலின் முன்பாதம், பிரேக்கை மிதிக்கிற மாதிரி, மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பின் நுனி ஒரு விரற்கடை உள்ளே இறங்கியிருந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?" என்று உள்ளங்கைக்குள்ளிருந்து தினகர் கேட்டுக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.