பின்கால் அறுத்த பால்வண்ணனார்

திருப்புன்கவனத்தில் மேலரத வீதி முடிந்து ஆற்றுக்குத் திரும்பும் முக்கில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஓட்டல்களுக்கு நாற்காலியும் மேசையும் செய்து கொடுத்துப் பிழைத்தவர் பால்வண்ணனார். தேர் செதுக்கிய பெருமையோ வாகனம் செய்த பெருமையோ அவருக்குக் கிடையாது. அவர் உளி பட்டதெல்லாம் சாம்பார் சிந்தும் மரங்கள்தாம்.

விடிந்ததும் ஆற்றில் முழுகி, ஈரவேட்டியோடு கோயிலுக்குப் போவார். கொடிமரத்தடியில் நின்று புன்கவனநாதரைப் பார்த்து, "இன்னைக்கு நான் செய்யுத நாற்காலில ஆரு உக்காரப் போறாவளோ, அவுக இடுப்பு நோவக் கூடாது" என்று கேட்டுக்கொள்வார். இருபத்தெட்டு வருடமாக அவர் கேட்ட வரம் அது ஒன்றுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டல்காரர் சொன்ன கணக்குக்கு நாற்காலிகள் முடிந்து வார்னிஷ் காய்ந்ததும், வண்டி ஏற்றுவதற்கு முந்தின நாள் கொட்டகையைப் பெருக்கி நீர் தெளித்து ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போடுவார். வீதியில் யார் முதலில் களைத்து வருகிறாரோ அவரைக் கைகூப்பி அழைத்து அதில் அமர்த்துவார். மனைவி உலகம்மாள் இலை போட்டுப் பரிமாறுவார். வந்தவர் மூட்டை தூக்குபவரா, பிச்சை எடுப்பவரா என்று பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கு அவர்தான் புன்கவனநாதர். பால்வண்ணனார் பின்னால் நின்று, சாமியின் முதுகு எங்கே சாய்கிறது, முழங்கால் எங்கே இடிக்கிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பார். சாமி ஒரு முறை நெளிந்தால் போதும், அந்த நாற்காலி மறுபடி உளிக்குப் போய்விடும்.

மற்றப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். "ஓட்டல் நாற்காலிக்குக் கும்பாபிஷேகம் நடத்துதாரு பாருங்க" என்று கேலி பேசினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பத்து நாற்காலி கூடுதலாகச் செய்தார்கள், ஓட்டு வீடு மாறி மெத்தை வீடு கட்டினார்கள். பால்வண்ணனார் வீட்டில் மழை பெய்தால் பாத்திரம் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

இப்போது பிரமநாயகம் என்பவர் வருகிறார். அவருக்கும் 'அவர்' போட்டே எழுதுகிறேன். கடைசியில் ஒரு காரியம் செய்தார், அதற்காக மட்டும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று மாடியில் பிரமநாயகம் ஓட்டல் கட்டினார். பங்குனித் திருவிழாவின் முதல் நாள், சாமி புறப்பாடு ஓட்டல் வாசலுக்கு வந்து, அவர் செய்யும் மண்டகப்படிப் பூசையைக் கண்டருளிய பிறகு திறப்பு என்று ஏற்பாடு. கீழ்க்கூடத்துக்கு அறுபது நாற்காலி வேண்டும் என்று பால்வண்ணனாரிடம் சொன்னார். பட்டணத்தில் போட்டு வாங்கிய வரைபடம் ஒன்றையும் கொடுத்தார். அதில் முன்கால் குட்டை, பின்கால் ஓர் அங்குலம் நெட்டை. சாய்மானம் சுவர் போல நேராக நின்றது.

"இது என்ன மொதலாளி, இப்படி இருக்கு?" என்று பால்வண்ணனார் கேட்டார்.

"பட்டணத்து மோஸ்தர்வே. படத்துல உள்ளபடி செய்யும்" என்றார் பிரமநாயகம்.

பால்வண்ணனார் நம்பினார். சொன்ன வாக்கை நம்பி அறுபது நாற்காலியையும் அப்படியே செய்து முடித்தார். தம் வழக்கப்படி ஒருவரை அமர்த்திப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அன்று வீதியில் முதலில் வந்தவர் பேச்சியம்மாள். நகராட்சியில் தெருக் கூட்டுபவர். காலை நான்கு வீதியையும் பெருக்கி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவரைப் பால்வண்ணனார் கைகூப்பி அழைத்து அமர்த்தினார். உலகம்மாள் சோறும் பருப்பும் வைத்தார். பேச்சியம்மாள் இரண்டு வாய் உண்டார். பின்னுக்கு நகர்ந்தார். மறுபடி முன்னால் வழுக்கினார். காலைத் தரையில் ஊன்றி ஊன்றி உண்டவர், பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீய அய்யா. ஆரோ முதுகப் புடிச்சுத் தள்ளுதாப்புல இருக்கு. நான் அந்தக் கல்லு மேல உக்காந்து சாப்பிடுதேன், எலையக் குடுங்க" என்றார்.

பால்வண்ணனார், சாமியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டோமே என்று நெஞ்சில் அறைந்துகொண்டார். அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரமநாயகத்திடம் ஓடினார்.

"மொதலாளி, படம் தப்பு. நாற்காலி உக்கார விட மாட்டேங்கு."

பிரமநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதுக்குத்தானவே அந்தப் படம்! வந்தவன் தின்னமா போனமான்னு இருக்கணும். இருவது நிமிசத்துக்கு மேல ஒருத்தனுக்கும் இருப்புக் கொள்ளக் கூடாது. சாவகாசமா உக்காரணும்னா மாடியில ஏ.சி. ரூம்பு இருக்கு, மெத்தை போட்ட நாற்காலி இருக்கு. அங்கன போவட்டும்."

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பசித்து வருகிறவனை வாசலில் நின்று விரட்டினால் ஊர் ஏசும். ஆகையால் நாற்காலியை விட்டு விரட்டுவது! அதையும் ஓர் அடியாரின் கையாலேயே செய்விப்பது!

"எங்க வீட்டுச் சாமி பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டு. நான் பின்கால அறுத்துருவேன் மொதலாளி. சொல்லிட்டேன்" என்றார் பால்வண்ணனார். அவர் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அறும், அறும். கிறுக்குப் புடிச்ச ஆசாரி" என்று பிரமநாயகம் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பால்வண்ணனார் அறுத்தார். நூற்றிருபது பின்கால்கள். ஒவ்வொன்றிலும் அங்குலம் அளந்து கோடு போட்டு, ரம்பம் வைத்து, அடியை இழைத்து, உப்புத்தாள் தேய்த்தார். பின்பக்கம் தணிந்ததும் இருக்கை மட்டத்துக்கு வந்தது, சாய்மானமும் முதுகை ஏந்திக்கொள்ளுமளவு சரிந்தது. ரம்பம் பிடித்துப் புண்ணான கையில் துணி சுற்றிக்கொண்டு ஐந்து நாள் அந்த வேலையைச் செய்தார். ஆறாம் நாள் பேச்சியம்மாளை மறுபடி அழைத்துப் போய் அமர்த்தினார். அவர் இலையை வழித்து உண்டுவிட்டு, அப்படியே சாய்ந்து கண்ணை மூடினார். பால்வண்ணனார் அவர் காலடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

திருவிழா முதல் நாள் காலை. பிரமநாயகம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கீழ்க்கூடத்துக்கு வந்தார். பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். இன்னொரு காப்பி சொன்னார். நாதசுர ஓசை தூரத்தில் கேட்ட பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. சுடுதண்ணீர் பட்டவர் போலத் துள்ளி எழுந்தார்.

பால்வண்ணனாரைக் கூட்டி வரச் சொல்லி ஆள் பறந்தது. சப்ளையர்களும் சமையல்காரர்களும் வாசலில் கூடி நிற்க, பிரமநாயகம் சத்தம் போட்டார்.

"நெசமாவே அறுத்துட்டீரா? எந்தச் சாமிவே ஒம்மகிட்ட வந்து சொல்லிச்சு?"

"பேச்சியம்மா" என்றார் பால்வண்ணனார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

"எந்தப் பேச்சியம்மா?"

"நம்ம வீதி கூட்டுதாவள்ளா, அவுக."

பிரமநாயகத்தின் முகம் கறுத்தது. அதன் பிறகு அவர் வாயில் வந்த சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அடியார் கதைக்குள் அவற்றுக்கு இடம் கொடுக்க மாட்டேன். கடைசியாக, "தூக்கிப் போடுங்கலே எல்லாத்தையும் வெளிய! ஒரு ஓட்டலுக்கும் நீரு இனிமே முக்காலி கூடச் செய்ய முடியாது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் சொன்னால் சுற்று வட்டாரத்தில் எந்த ஓட்டல்காரரும் கேட்பார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அறுபது நாற்காலியும் ஒவ்வொன்றாக வீதியில் வந்து விழுந்தன. ஒருவர் கூட, "ஏன் அய்யா?" என்று கேட்கவில்லை. கூட்டத்தில் நின்ற பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பால்வண்ணனார் விழுந்தவற்றை எடுத்து நிறுத்தி வரிசையாக வைத்தார். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது. கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கத்தினார்: "பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு? ஒமக்குன்னுதானவே செஞ்சேன்! ஒம்ம வேண்டாம்னு வீதில எறியுதான், நீரு நாதசுரம் கேட்டுக்கிட்டு வாரீரு. வாரும், வாரும், நல்லா வேடிக்கை பாரும்!"

சாமியை ஏசுகிறானே என்று ஊர் முணுமுணுத்தது. நாற்காலி பறந்தபோது திறக்காத வாய்கள் அதற்கு மட்டும் திறந்தன.

சப்பரம் வந்துவிட்டது. பதினாறு பேர் தோளில் புன்கவனநாதர் பூவும் பட்டுமாக ஓட்டல் வாசலில் வந்து நின்றார். மண்டகப்படி செய்கிறவர், சப்பரத்தின் தண்டுகளைத் தாங்க நான்கு மர முட்டுகள் வைத்திருக்க வேண்டும். கோபத்தில் பிரமநாயகம் அதை மறந்தே போனார். சாமியைத் தரையில் இறக்கக் கூடாது. தூக்கி வந்தவர்களின் தோளோ கன்றிப் போயிருந்தது. முன்னால் பிடித்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏ, அந்தா நிக்கே நாற்காலி, அதை இழுத்துப் போடுங்க!" என்று கூவினார். நான்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, தண்டுகளை அவற்றின் மேல் வைத்தார்கள். சப்பரம் அசையாமல் அமர்ந்தது.

தேங்காய் உடைத்தார்கள், தீபாராதனை ஆயிற்று. பட்டர் கையைக் காட்ட, பதினாறு பேரும் தோள் கொடுத்து எழுந்தார்கள். சப்பரம் எழவில்லை. மறுபடி மூச்சுப் பிடித்தார்கள். இன்னும் பதினாறு பேர் வந்து கை கொடுத்தார்கள். தண்டு வளைந்தது, நரம்பு புடைத்தது, சப்பரம் மட்டும் மயிரிழை நகரவில்லை. பிரமநாயகம் வெள்ளித் தட்டில் பழம் வைத்தார், பட்டுச் சார்த்தினார், நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. சாமி உட்கார்ந்தே இருந்தார்.

பட்டர் பால்வண்ணனாரிடம் வந்தார். வயதானவர். "ஆசாரியாரே, நீர்தான் கேட்டுப் பாக்கணும். உம்ம நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

பால்வண்ணனார் சப்பரத்தைப் பார்த்தார். கோபம் அப்போதும் தீரவில்லை. "நான் ஏன் எந்திரிக்கச் சொல்லணும்? சாப்பிட உக்காந்திருக்காரு. எலை போடாம எந்திரின்னா என்ன ஞாயம்?" என்றவர், ஊர்வலத்தின் பின்னால் விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்ற பேச்சியம்மாளைக் கைகாட்டினார். "அந்தா நிக்காவ. அவுகள இதுல உக்காத்தி வைங்க. எறியச் சொன்னவரு கையாலயே பரிமாறச் சொல்லுங்க."

பிரமநாயகம் பல்லைக் கடித்தார். சாமியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேசையும் இலையும் சாதமும் கொண்டு வந்தார்.

பேச்சியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, வரிசையில் நின்ற ஒரு நாற்காலியில் அமர்ந்தார். சாமி பார்க்க, ஊர் பார்க்க, பதறாமல் உண்டார். பாதியில் நிமிர்ந்து, "மொதலாளி, ரசம் இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க. நல்லாருக்கு" என்றார். பிரமநாயகம் ஊற்றினார். மோர் வரை ஆயிற்று. பேச்சியம்மாள் இலையை மடித்து, சாய்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டு, பிறகு எழுந்தார்.

பட்டர் கையைக் காட்டினார். சப்பரம் பூக்கூடை போல எழுந்தது.

தூக்கியவர்கள் ஓவென்று அழுதுவிட்டார்கள். பட்டர் சாமி கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து பால்வண்ணனார் கழுத்தில் இட்டார். அதுவரை கலங்காத அந்தக் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. "ஏசிட்டேனே, ஒம்ம ஏசிட்டேனே" என்று வீதியில் விழுந்து புரண்டார். அவரைத் தூக்கி நிறுத்த உலகம்மாளும் பேச்சியம்மாளும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று பிரமநாயகம் வேறு ஆள் யாரையும் தொட விடாமல், பட்டு வேட்டி அழுக்காக, அறுபது நாற்காலியையும் தாமே சுமந்து உள்ளே கொண்டு போய்ப் போட்டார். அவர் செய்த காரியம் அதுதான்.

சாமியைத் தாங்கிய நான்கையும் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறோம் என்று கேட்டு வந்தார்கள். பால்வண்ணனார் கொடுக்கவில்லை. "மனுசர் உக்காரச் செஞ்சது, உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஓட்டலுக்கு மரம் அறுக்கப் போனார். உண்ண வருகிறவர் எவரானாலும் அவர் எம்பெருமானே என்று அளவெடுத்த அந்த அடியாரின் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.