குடத்தில் துளையிட்டவள்

கூகையும் எருக்கஞ்செடியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யாராவது செத்தால் உடனே எரிப்பதில்லை. முதலில் எயினியிடம் கொண்டுபோவார்கள்.

எயினி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இருந்தாள். அங்கே கருங்கல் மண்டபம் ஒன்று பாதி இடிந்து நின்றது. கூரை இருந்த பாதியில் அவள் குடியிருந்தாள். கூரை போன பாதியில் வேலை செய்தாள். செத்தவரை எழுப்புவதுதான் அவள் வேலை. புதுக்குடம் ஒன்றில் ஆற்றுநீரை விளிம்புவரை நிரப்பிப் பிணத்தின் தலைமாட்டில் மண்மேல் வைப்பாள். குடத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு செத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் உடம்புச் சூடு கைவழியே தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் செத்தவர் கண்ணைத் திறந்து எழுந்து உட்காருவார். குடத்தில் நீர் இருக்கிறவரை இருப்பார். நீர் வற்றினால் படுத்துவிடுவார்.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஏற்பட்ட வித்தை அது. ஜனங்கள் அதோடு விடவில்லை. குடத்தை வைக்கோலில் பொதிந்து வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மண் தரையில் இறக்கி வைத்து, வற்ற வற்ற ஊற்றினார்கள். ஊற்றிய பச்சைத்தண்ணீருக்கும் சூடு வேண்டுமே, அதனால் வீட்டில் இருப்பவர்கள் முறைவைத்துக் குடத்தைக் கட்டிப்பிடித்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் கோடையிலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் நடமாடுவார்கள். ஒரு வீட்டில் மாமியார் செத்து எழுந்து மூலையில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் உப்புப் போதாது என்று தினமும் சொன்னாள். சாப்பிட்டுப் பார்த்தல்ல, வாசனையிலேயே சொல்லிவிடுவாள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குடத்துக்கே தண்ணீர் ஊற்றினாள். புருஷன் அழுவானே.

எழுந்த செத்தவர்களுக்குத் தூக்கம் கிடையாது. அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எயினிக்குத் தொண்டு செய்துவந்தவன் அந்துவன். வித்தை படிக்க வந்தவன். இருபத்தாறு வயது, நல்ல தோள். எயினி அவனைவிட மூன்று வயது மூத்தவள். ஆற்றிலிருந்து குடம் கொண்டுவருவது அவன் வேலை. ஒரு சொட்டுத் தளும்பாமல் கொண்டுவருவான், அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கூப்பிடும் முறை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் குடத்தில் கைவைக்க மட்டும் எயினி விட்டதில்லை.

"உன் சூடு உன்கிட்டயே இருக்கட்டும்" என்பாள்.

ஒவ்வொரு முறை எழுப்பிய பிறகும் அவள் கைகள் விறைத்துப்போகும். அந்துவன் தன் உள்ளங்கைகளைத் தணலில் காட்டிச் சூடேற்றி, அவள் விரல்களைப் பொத்திப் பிடித்துக்கொள்வான். முதலில் அது தொண்டாகத்தான் இருந்தது. பிறகு விரல்கள் சூடான பின்னும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவனும் விடவில்லை.

மண்டபத்து உத்தரத்தில் ஒரு கூகை இருந்தது. "ஏனப்பா, கை இன்னுமா சூடாகலை?" என்று அது கேட்கும்.

"உனக்கென்ன, கண்ணை மூடிட்டுத் தூங்கு" என்பாள் எயினி.

"பகல்லதான் தூங்கறேன். நீங்க விட்டாத்தானே."

அந்த வருடம் மழை முடிந்ததும் இருவரும் சுடுகாட்டை விட்டுப் போய்விடுவது என்று பேசியிருந்தார்கள். அந்துவனுடைய ஊரில் அவனுக்குக் கொஞ்சம் வரகுக் காடு இருந்தது.

"எனக்கு வெள்ளாமையெல்லாம் தெரியாது. செத்ததை எழுப்பத்தான் தெரியும்."

"விதை மட்டும் என்னங்க அம்மணி? அதுவும் மண்ணுக்குள்ள கிடந்து எந்திரிக்கறதுதான்."

எயினி சிரித்தாள். அவள் சிரிப்பதை அவன் அன்றுதான் முழுதாகப் பார்த்தான்.

ஆனால் மழைக்கு முன்னால் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. வண்டிமேல் வண்டியாகப் பிணங்கள் வந்தன. ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை.

"இன்னைக்கு இல்லைன்னு சொல்லுங்க அம்மணி" என்று அந்துவன் கெஞ்சினான்.

"குழந்தையைத் தூக்கிட்டு வந்து நிக்கறாளே. அவகிட்ட எப்படிச் சொல்றது? நீ சொல்லேன் பார்ப்போம்."

அவன் வாசல்வரை போனான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான். குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டான்.

குழந்தை எழுந்து அம்மா என்றது. எயினி குடத்தின்மேல் சாய்ந்தவள் சாய்ந்தபடியே இருந்தாள். அந்துவன் அவள் விரல்களைப் பொத்திப் பிடித்தான். மறுபடி மறுபடி தணலில் கையைக் காட்டிவிட்டு வந்து பிடித்தான். சூடு உள்ளே போகவில்லை.

அவன் அழவில்லை. புதுக்குடம் ஒன்றை எடுத்தான், ஆற்றில் முக்கினான், அவள் தலைமாட்டில் வைத்து அணைத்துக்கொண்டான். அதுவரை அவளை அம்மணி என்றுதான் கூப்பிட்டிருந்தான். வித்தைக்குப் பெயர் சொல்ல வேண்டுமே.

"எயினி" என்றான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள், குடத்தையும் பார்த்தாள்.

"அட பாவி" என்றாள் மெதுவாக. "கூப்பிட்டுட்டியா?"

"கூப்பிட்டுட்டேன்."

"சரி. சொல்லாம விட்டது ஏதாச்சும் இருந்தா சொல்லு. அப்புறம் வத்த விடு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆனால் வற்ற விடவில்லை. நீர் விளிம்பிலிருந்து விரற்கடை இறங்கும் முன்பே ஊற்றினான், ஊற்றியதும் கட்டிப்பிடித்தான். மழை வந்தது, போனது. எயினி மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடினால் இமை நிற்காது, தானே திறந்துகொள்ளும். வரகுக் காட்டைப் பற்றி அவன் பேசினால் கேட்டுக்கொள்வாள்.

"எனக்குத் தூக்கம் வேணும், அந்துவா" என்பாள்.

"நாளைக்கு" என்பான்.

அவளே குடத்தைச் சாய்க்கப் பார்த்தாள். நிறைகுடத்தை அசைக்கச் செத்த கைக்கு வலு இல்லை. அரிவாளால் கொத்தினாள், இரும்புதான் மழுங்கியது. செத்தவரை அழைத்த குடம் மண்ணில் உட்கார்ந்திருக்கிறவரை மண் அதைப் பிடித்துக்கொள்ளும். உயிரோடு இருக்கிறவர் யாராவது மனதோடு தூக்கினால்தான் அது சாதாரணக் குடம்.

அந்துவனுக்குத் தணலருகில் உட்கார்ந்தாலும் நடுக்கம் நிற்கவில்லை. உதடு நீலமானது. ஒரு நாள் கூகை உத்தரத்திலிருந்து குனிந்து பார்த்தது.

"தம்பி, உன் மூக்குமேல ஈ உட்கார்ந்திருக்கு. நீ ஓட்டவே இல்லை."

"உட்கார்ந்தா உட்காரட்டும்."

"ஈக்கு வித்தியாசம் தெரியலைங்கறேன்."

அன்று சாயங்காலம் எயினி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். தன் கைகளையும் அவன் கைகளையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடு. இதில் எது என் விரல், எது உன் விரல், சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினான். எல்லாம் ஒரே குளிராக இருந்தன.

"தெரியலை."

"உன் கை சூடா இருக்கும். அதனாலதான் எனக்கு உன்னைப் பிடிச்சது. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய்க் குடத்துல கொட்டிட்டியே."

அப்போதுதான் அந்துவன் அழுதான். அழுது ஓய்ந்தபின், "என்ன செய்யணும்?" என்றான்.

"முதல்ல விறகு அடுக்கு."

பொழுது விடிந்ததும் அடுக்கினான். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

"குடத்தைத் தோள்ல ஏத்திக்கோ. விறகைச் சுத்தி நட. நான் பின்னாடி வந்து ஓட்டை போடறேன்."

"ஒரேயடியா வேண்டாம், எயினி. கொஞ்சம் கொஞ்சமா. ஏழு சுத்து சுத்தறேன்."

"ஒண்ணு."

"அஞ்சு."

"சந்தையில கத்தரிக்காயா வாங்கறே? மூணு. அதுக்கு மேல கிடையாது."

"சரி, மூணு" என்று அவன் வலப்பக்கம் திரும்பினான்.

"அப்படியில்லை, இடமாச் சுத்து. வலமாச் சுத்தறது வாழறதுக்கு. இது போறதுக்கு." பிறகு சொன்னாள்: "மூணாவது சுத்து முடிஞ்சதும் குடத்தைப் பின்னால போட்டுடு. திரும்பிப் பார்க்காதே. பார்த்தா உடைஞ்ச சில்லைப் பொறுக்கி ஒட்டவைக்க உட்கார்ந்துடுவே. எனக்கு உன்னைத் தெரியும்."

அந்துவன் குனிந்து குடத்தைப் பிடித்தான். மண் விடவில்லை. மனதில்லாமல் பிடித்திருக்கிறான் என்று அவனுக்கே தெரிந்தது. அவள் இமைகளைப் பார்த்தான். மூட முயன்று மூட முயன்று அவை துடித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் முறை பிடித்தபோது குடம் கையோடு வந்தது.

முதல் சுற்றில் அரிவாள் நுனி டக்கென்று பட்டது. தண்ணீர் பீறிட்டு அவன் முதுகில் விழுந்தது. குளிரும் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டவன் திடுக்கிட்டான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் இத்தனை நாள் கொட்டிய சூடு அவனுக்கே திரும்பி வந்தது.

"நேரா நட" என்றாள் பின்னாலிருந்து. "தளும்பாமத் தூக்கறவன்னு பேரு, இன்னைக்குப் பாரு எப்படி ஒழுகுதுன்னு."

அவனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

இரண்டாம் சுற்றில் இன்னொரு துளை. அவன் விரல்களில் ரத்தம் ஓடி ஊசி குத்துவதுபோல் வலித்தது. "சூடா இருக்கா?" என்று கேட்டாள். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "இருக்கு" என்றான். "நல்லது" என்றாள்.

மூன்றாம் சுற்றில் பேச்சு இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. இரும்பு குடத்தில் பட்டது மட்டும் கேட்டது, அதுவும் நகம் பட்டாற்போல. முதுகு முழுவதும் வெதுவெதுப்பு வழிந்தது, யாரோ உள்ளங்கையால் தடவிக்கொடுப்பதுபோல. அவன் அந்த இடத்திலேயே நின்றான். திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பிறகு தோளைத் தளர்த்தினான். குடம் பின்னால் விழுந்து உடைந்தது.

விறகுமேல் அவள் தானாகப் போய்ப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கூகை பறந்து வந்து பார்த்துவிட்டு, "தூங்கிட்டா. நீ பார்க்க வேண்டாம், பின்பக்கமா நின்னு தீயை வை" என்றது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே வைத்தான்.

எருக்கஞ்செடிகளுக்கு அப்பால் ஒரு வண்டி நின்றிருந்தது. பக்கத்துக் குடியிருப்புக் கீரன், செத்துப்போன அண்ணனை எழுப்பவேண்டுமென்று புதுக்குடத்தோடு வந்தவன், முதல் சுற்றிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் வித்தை தெரியுமுங்க" என்றான் அந்துவன். "எழுப்பணுமா?"

கீரன் வண்டியைப் பார்த்தான். அந்துவனுடைய நனைந்த முதுகிலிருந்து காலை வெயிலில் ஆவி எழும்புவதைப் பார்த்தான். தன் வீட்டு மூலையில் ஏற்கனவே செத்து எழுந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"வேண்டாமுங்க. அண்ணன் தூங்கட்டும். அவனையும் இப்படியே அனுப்பிடறேன். ஆனா, நான் குடம் எடுத்தா பின்னாடி யாருங்க வருவாங்க? அவன் எந்திரிக்கலையே."

அந்துவன் கீழே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டான். "நான் வர்றேன்" என்றான்.

கீரன் தோளில் குடத்தோடு இடமாக நடந்தான். அந்துவன் பின்னால் போனான். சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் வந்தார்கள். வீட்டு மூலைகளில் இருந்த குடங்களும் ஒவ்வொன்றாக வண்டியேறி வந்தன. அந்துவன் யாரையும் எழுப்பவே இல்லை. பின்னால் நடக்கும் வேலையை மட்டும் கடைசிவரை செய்தான்.

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான் இது. இன்றும் கொள்ளி வைக்கிறவர் நீர்க்குடத்தைத் தோளில் ஏற்றி மூன்று முறை இடமாகச் சுற்றுகிறார். சுற்றுக்கு ஒன்றாகப் பின்னால் வருகிறவர் துளையிடுகிறார். குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். முதுகில் வழிகிற தண்ணீரை மட்டும் யாரும் துடைத்துவிடுவதில்லை.