சடையன் வெட்டிய சரளைப் பள்ளம்

கேளுங்கள். மழை பெய்தால் சாலையெல்லாம் சேறாகிவிடும் ஒரு நாட்டை வெகுகாலத்துக்கு முன்னே ஒரு ராஜா ஆண்டுவந்தார். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் அச்சுவரை புதைந்து நின்றன. பார்த்துச் சலித்த ராஜா, சாலைக்குப் போட நாடெங்கும் சரளை தேடச் சொன்னார்.

நல்ல சரளை கிடைத்தது சடையனுடைய மேட்டு நிலத்தில். அவனும் அவன் மனைவி ஆவுடையும் ஏழு வருஷம் அங்கே பள்ளம் வெட்டினார்கள். மேல்மண்ணை ஓரமாகக் குவித்துவிட்டு, கீழே இருந்த சரளையை வண்டி வண்டியாக ஏற்றினார்கள். இரண்டு ஆள் ஆழம் போனதும் ஊற்றுத் தண்ணீர் வந்துவிட்டது.

ராஜா விடவில்லை, பள்ளத்துக்கே வந்தார். "சாலை பாதிதான் ஆகியிருக்கிறது. பள்ளத்தை அகலமாக்கு, ஆழமாக்கு. தண்ணீரை இறைத்துவிட்டு வெட்டு. கார்த்திகைக்குள் முடியவேண்டும்" என்றார்.

பள்ளத்துக்குக் கிழக்கே காராளி என்பவளின் வெற்றிலைக் கொடிக்கால். வாய் பொல்லாதவள். ஆனாலும் தினமும் விடிந்ததும் ஒரு பிடி வெற்றிலையை இவர்கள் வேலிமேல் வைப்பாள். வைக்கும்போதே எதற்காவது திட்டிவிட்டுத்தான் போவாள்.

"சடையா, உன் பள்ளத்துக்கும் என் கிணற்றுக்கும் ஒரே ஊற்று. நீ இறைத்தால் என் கொடி காயும்" என்றாள் அவள்.

"ஒன்றும் ஆகாது அக்கா" என்றான் சடையன். ஆகும் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரியும். ராஜாவே தேடி வந்து கேட்ட பெருமை அவன் கண்ணை மறைத்தது.

மூன்று ஏற்றம் வைத்து இறைத்தார்கள். முதல் நாள் காராளியின் கிணற்றில் இரண்டு படி வெளியே தெரிந்தது. இரண்டாம் நாள் ஐந்து படி தெரிந்தது. மூன்றாம் நாள் வெறும் சேறு.

மறுநாள் காலையிலும் வேலிமேல் வெற்றிலை இருந்தது. ஓரம் சுருண்டு, துவண்டுபோன வெற்றிலை. காராளி ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சடையன் ஒன்றை மடித்து வாயில் போட்டான். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை" என்றான்.

"திட்டவும் தெம்பு வேண்டுமே" என்றாள் ஆவுடை.

அப்போதே மூன்று ஏற்றத்தையும் தன் கையால் அவிழ்த்துப் போட்டுவிட்டு ராஜாவிடம் போனான் சடையன்.

"ஒரு கொடிக்காலுக்காக ஊர்ச்சாலை நிற்பதா?" என்று கேட்டார் ராஜா. சடையன் தலைகுனிந்து நின்றான், ஆனால் நகரவில்லை. ராஜா சற்று யோசித்தார். "சரி. தண்ணீரையும் இறைக்காதே, சரளையையும் கொடு. முடியாவிட்டால் வேறு ஆளை வைத்து இறைப்பேன். அப்புறம் அந்தக் கொடிக்கால் தப்பாது."

சடையன் முதலில் கூலியாட்களை முக்குளிக்கச் சொன்னான். மூச்சுத் திணறி அரைக்கூடை அள்ளிவந்தார்கள். அடுத்து நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் கிளறினான். காம்பு ஒடிந்தது. மூன்றாவதாக ஒன்றும் தோன்றாமல் கரையில் உட்கார்ந்திருந்தான். அப்போது ஆவுடையின் குடம் தண்ணீருக்குள் நழுவிவிட்டது. அவள் அதைக் கொக்கிக்கயிற்றால் மாட்டி, தரையோடு தரையாக இழுத்தாள். மேலே வந்த குடத்தில் பாதி சரளை.

சடையன் எழுந்துகொண்டான். மரத்தில் பெட்டிபோலப் பெரிய வாரி ஒன்று செய்து, அதன் வாய்க்கு இரும்புப் பல் வைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டினான். இந்தக் கரையில் இரண்டு எருது, அந்தக் கரையில் இரண்டு எருது. ஒரு ஜோடி இழுக்க வாரி சரளையோடு ஏறும். மறு ஜோடி இழுக்க வெறுமையாகத் திரும்பும். பள்ளம் அகன்றது, ஆழமானது. தண்ணீர் அங்கேயே நின்றது. காராளியின் கிணறு படிப்படியாக ஊறியது.

ஆனால் வேலை தை மாதம்வரை இழுத்தது. கோபமாக வந்த ராஜா புதுச்சாலையில் காலை ஊன்றிப் பார்த்தார். தண்ணீரில் அலசி வந்த சரளையில் களிமண்ணே இல்லை, சக்கரம் புதையவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "வடக்கே குன்றடியில் இதைவிடப் பெரிய சரளை நிலம் தருகிறேன். நாளைக்கே வண்டி கட்டு" என்றார்.

சடையன் பள்ளத்தைப் பார்த்தான். கரை சுவர் மாதிரி நின்றது.

"மாடு இறங்கினால் ஏறாது, மகாராஜா. குழந்தை விழுந்தால் எடுக்க முடியாது. இதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன். ஒரு வருஷமாகும்."

"ஒரு வருஷம் அந்த நிலம் காத்திருக்காதே."

"தெரியும், மகாராஜா."

நிலம் வேறொருவனுக்குப் போயிற்று. சடையனும் ஆவுடையும் கரையை நாலு பக்கமும் சரித்தார்கள். குவித்து வைத்த மேல்மண்ணைப் பரப்பினார்கள். வெட்டிவேரும் மருதங்கன்றும் நட்டார்கள். காராளி கூப்பிடாமலே கூடையோடு வந்து, வேலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே மண் சுமந்தாள்.

மழை வந்தது. கரை நின்றது. ஒரு பசு கன்றோடு சரிவில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக ஏறிப்போனது.

"நம் பிழைப்புதான் போய்விட்டது" என்றான் சடையன்.

"எங்கே போயிற்று? இது மேடாக இருந்தவரை எள்ளுகூட விளையவில்லை. இப்போது சரிவின் அடியில் இறைக்காமலே தண்ணீர் நிற்கிறது. நெல் போடாமல் இருப்பார்களா?" என்றாள் ஆவுடை.

அடுத்த ஆடியிலேயே அவர்கள் நாற்றுவிட்டார்கள்.

பூமியிலிருந்து எடுத்துக்கொள்கிறவர், பக்கத்தில் இருப்பவரின் தண்ணீரைக் காப்பாற்றி, தாம் திறந்த பள்ளத்தை நாலு உயிருக்கு உதவும்படி சீராக்கிக் கொடுக்கவேண்டும்.