உப்புத்தாள் போடாத பீரோ

“வெட்கத்தை எப்படிம்மா கழுவுறது?” என்று கேட்டாள் தவமணி.

“எதுல ஒட்டியிருக்கு?” என்றார் அம்மா.

“பீரோவுல.”

அம்மா சிரிக்கவில்லை.

ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரை ஓரம், பழைய அரிசி குடோன் ஒன்றில் அந்தச் சாமியாரம்மா இருந்தார். வயசு முப்பதுகூட இருக்காது. தலையை மழித்து வெள்ளைச் சேலை கட்டியிருப்பார். சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமைகளில் சனங்கள் வந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

தவமணி வாரம் தவறாமல் வருவாள். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் பிள்ளையைத் தூங்கப் போட்டுக்கொண்டு கேட்பாள். கூட வரும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான் அவளுக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. தனியாக வந்திருந்தாள்.

அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே யாருடைய பெயரோ வெட்டியிருந்தது. தவமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மு. சங்கரவடிவு.

“யாரும்மா இவங்க?”

“தெரியாது. பழைய சாமான்ல கிடைச்சது.”

தவமணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“பாத்திரக்கடையில குடுத்தா பேரைத் தேய்ச்சுக் குடுப்பாங்கம்மா. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“தண்ணி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“குடிச்சுட்டு, பீரோவைப் பத்திச் சொல்லுங்க.”

அவள் சொன்னாள்.

மாமியார் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில்தான் எடுத்தார்கள். கட்டிலை விரிப்புப் போட்டு மறைத்தாள். மிக்ஸிக்கு உறை தைத்தாள். அடுப்பு சமையலறையில் இருந்தது, யார் பார்க்கப் போகிறார்கள்.

பீரோவை மறைக்க முடியவில்லை. வாசலில் நின்றாலே தெரியும்.

ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கி அவளே அடித்தாள். கைப்பிடியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டினாள், புதுச் சாமானில் இருக்குமே, அதுபோல.

பாக்கியம் அக்கா வந்து பார்த்தாள். “அடேயப்பா! ஷோரூம்லயா எடுத்தீங்க?”

தவமணி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

“இது ஒரு வெட்கமா?” என்று கேட்டார் அம்மா.

“இது இல்லம்மா. இதுக்கு மேல இருக்கு.”

முந்தாநாள் பாக்கியம் அக்காவும் தெருப் பெண்கள் சிலரும் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நடுவயசு. வெயிலில் நடந்து வந்த முகம்.

“தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்டு பீரோ இங்க வந்திருக்கிறதா கடைக்காரர் சொன்னாரு. ஒரே ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன்.”

பூக் கட்டின கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

“இங்க ஏது உங்க பீரோ?” என்றாள் தவமணி. “நாங்க புதுசால்ல எடுத்தோம்.”

அந்தப் பெண் பீரோவைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டைப் பார்த்தாள். கைப்பிடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தாள். பிறகு தவமணியைப் பார்த்தாள்.

“ஆமாம்மா. எங்களது சாம்பல் கலரு. இது வேற. நான்தான் வீடு மாறி வந்துட்டேன்.”

போய்விட்டாள். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

“அது அவங்க பீரோதாம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் என் மானத்தைக் காப்பாத்திட்டுப் போனாங்க.” தவமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கலம்மா நான்.”

அம்மா காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“அவங்க ஒரு பொய் சொன்னாங்கல்ல?”

“ஆமா.”

“அது உங்களது இல்லை. திருப்பிக் கொடுத்துட்டு வாங்க.”

“பொய்யை எப்படிம்மா திருப்பிக் கொடுக்கிறது?”

அம்மா டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

•

பழைய சாமான் கடைக்காரர் அவளைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினார்.

“வித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் தாயி. முதல்லயே சொல்லிட்டேன்.”

“அதுக்கு வரலண்ணே. அந்தப் பீரோ யார் வீட்டுலேருந்து வந்துச்சு?”

“அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? கதவு சரியா மூடுதுல்ல?”

“மூடுது.”

“பின்ன என்ன?”

அவள் நகரவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். கடைக்காரர் கடைசியில் வழி சொன்னார். சொர்ணம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அக்கா, அது உங்க பீரோதான். அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அக்கா, என் கூட வாங்க, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.

கதவைத் திறந்த சொர்ணம் முகம் வெளுத்துப்போனாள். உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவாப் பேசும்மா. அவருக்குத் தெரியாது.”

“எது?”

“பீரோவை வித்தது. இடுப்பு ஒடிஞ்சு உள்ளே படுத்திருக்காரு. வைத்தியத்துக்குத்தான் வித்தேன். பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். தினம் காஞ்சுச்சா, காஞ்சுச்சான்னு கேட்கிறாரு.”

தவமணி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் இங்கே உதவாது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரு சொர்ணம்?”

சொர்ணம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

தவமணி வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். “நான்தாண்ணே. உங்க பீரோவுக்குப் பெயிண்ட் அடிச்ச ஆளு.”

“பொம்பளப் பிள்ளையா அடிச்சது? பார்றா! உள்ளே வாம்மா.”

அறையில் கட்டில் ஒன்று. கட்டிலில் மெலிந்த மனிதர் ஒருவர். சுவரோரம் நீளமாக ஒரு வெள்ளை இடம், பீரோ நின்ற இடம்.

“என்ன கலரு?”

“பச்சைண்ணே.”

“பக்கவாட்டுல கோடு இருந்துச்சே. பார்த்தியா?”

“என்ன கோடுண்ணே?”

“எங்க பிள்ளைங்க உயரம். மகனுக்கு ஒரு பக்கம், மகளுக்கு ஒரு பக்கம். பொங்கலுக்குப் பொங்கல் நிக்க வெச்சு ஆணியால கீறுவேன். இப்ப பொண்ணு கல்யாணமாகிப் போயிடுச்சு, அவன் வெளியூர்ல வேலை பார்க்கிறான். அதுல மட்டும் பெயிண்ட் படாமப் பார்த்துக்கச் சொல்லி இவளை அனுப்பினேனே. சொன்னாளா?”

சொர்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சொர்ணம் எதற்கு வந்தாள் என்பது தவமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அக்கா வந்தாங்கண்ணே. நான்தான் சொல்ல விடல.” தவமணி சுவரிலிருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். “அதுக்கு முன்னாடியே அடிச்சுட்டேன். கோட்டையும் சேர்த்து அடிச்சுட்டேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி டக்டக்கென்று சத்தம் போட்டது. பிள்ளை அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

“உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியா?”

“இல்லண்ணே. எனக்கு அதெல்லாம் தெரியாது. மேலாலேயே அடிச்சேன்.”

“அப்ப உள்ளதான் இருக்கும்.”

கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நிக்கிறானா?”

“பிடிச்சுக்கிட்டு நிப்பான்ண்ணே.”

“சொர்ணம், ஜன்னல்ல ஆணி இருக்கும். எடு.”

“அது எதுக்குங்க?”

“பீரோ இருக்கிற வீட்டுலதான ஆணியும் இருக்கணும்?”

சொர்ணம் அப்படியே நின்றுவிட்டாள்.

“இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு. காதுக்கு ஒண்ணும் ஆகல. வாசல்ல வெச்சு அந்தக் கடைக்காரன் பேரம் பேசினது தெருவுக்கே கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் தினம் காஞ்சுச்சா, காஞ்சுச்சான்னு கேட்டீங்க?”

“நீ சொன்னியே. சொன்னா நான் கேட்க வேண்டாமா?”

சொர்ணம் ஜன்னலுக்குப் போனாள். ஆணியை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பாமலே நின்றாள்.

•

வெள்ளிக்கிழமை குடோனில் நல்ல கூட்டம். தவமணி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. பாக்கியம் அக்கா பக்கத்தில் இருந்தாள்.

அம்மா யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று தூணைப் பார்த்துக் கேட்டார்.

“திருப்பிக் கொடுத்தாச்சா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. தவமணி இன்னும் கொஞ்சம் தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

“என்னத்தைடி திருப்பிக் கொடுக்கணும்?” என்றாள் பாக்கியம் அக்கா. “எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!”

“வாங்கிக்கலம்மா,” என்றாள் தவமணி.

“பின்ன?”

“இதைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.”

உள்ளங்கையை விரித்தாள். துருப்பிடித்த ஆணி.

பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தாள். “கருமம். பிள்ளையை வெச்சுக்கிட்டு ஆணியைக் கையில வெச்சிருக்கா. தூக்கிப் போடுடி.”

அம்மா பாக்கியம் அக்காவைப் பார்க்கவில்லை.

“பிள்ளை நிக்கிறானா?”

“பிடிச்சுக்கிட்டு.”

“எதைப் பிடிச்சுக்கிட்டு?”

“பீரோவை.”

“நல்லாச் சொல்லுங்கம்மா இவகிட்ட!” என்றாள் பாக்கியம் அக்கா. “ஷோரூம்ல எடுத்த பீரோ. கைப்பிடியில தாளுகூட இன்னும் பிரிக்கல. அதுல பிள்ளையை விட்டு எச்சில் பண்ணுறா. எனக்குத்தான் வயிறு எரியுது.”

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

தவமணி எழுந்து நின்றாள். கழுத்து, காது எல்லாம் கொதித்தன. பிள்ளை விழித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தது.

“அது...” என்றாள்.

தூணை விட்டு ஓரடி வெளியே வந்தாள்.

“புதுசு இல்லக்கா அது. பழைய சாமான் கடையில எடுத்தது. பெயிண்ட் நான் அடிச்சது. தாளும் நான் ஒட்டினதுதான்.”

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

“அன்னிக்கு வாசல்ல வந்து நின்னாங்களே, அவங்க பீரோ. அவங்க பிள்ளைங்களும் அதைப் பிடிச்சுத்தான் எழுந்து நின்னிருக்காங்க.”

பாக்கியம் அக்கா திறந்த வாயை மூடவில்லை.

அம்மா பக்கத்தில் இருந்த பானையில் அந்த நசுங்கின டம்ளரால் தண்ணீர் மொண்டு பாக்கியம் அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள், டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரும்மா, சங்கரவடிவு?”

“தண்ணி நல்லா இருக்கும்க்கா,” என்றாள் தவமணி. “குடிங்க.”